மந்தநிலை சொல்லிக்கொண்டு வருவதில்லை

புது தில்லி: 2020 செப்டம்பர் 14. கரோனா அச்சத்துக்கு நடுவே நாடாளுமன்றத்தின் மழைக்காலக் கூட்டத்தொடர் தொடங்கிய நாள். உறுப்பினர்கள் அவைகளிலும் மாடங்களிலுமாக இடைவெளி விட்டு அமர்த்தப்பட்டிருந்தனர். கேள்வி நேரம் கைவிடப்பட்டிருந்தது. எழுத்து மூலமான கேள்விகளுக்கு மட்டுமே அரசிடமிருந்து பதில் கிடைத்தது. அவற்றுள் ஒன்று, ஊரடங்கின்போது ஊர் திரும்பும் வழியில் உயிரிழந்த தொழிலாளர்களைப் பற்றியது. அப்படியொரு கணக்கு பராமரிக்கப்படவில்லை என்று தொழிலாளர் நலத் துறை இணையமைச்சராக இருந்த சந்தோஷ் குமார் கங்வார் பதிலளித்தார். சொந்த மாநிலங்களுக்குத் திரும்பியோரின் எண்ணிக்கை மட்டும் இருந்தது. அது 1.04 கோடியைத் தாண்டியிருந்தது.

அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன், ஆகஸ்ட் 31 அன்று, தேசியப் புள்ளியியல் அலுவலகம் வேறொரு கணக்கை வெளியிட்டிருந்தது. ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் நாட்டின் பொருளாதாரம் முந்தைய ஆண்டின் அதே காலாண்டைவிட 23.9 சதவீதம் சுருங்கிவிட்டது என்பதுதான் அது.

பொருளாதாரம் எவ்வளவு சுருங்கியது என்பதற்குத் தசமப்புள்ளி வரை கணக்கு உண்டு. அந்தச் சுருக்கம் யாரை நடுத்தெருவில் நிறுத்தியது என்பதற்குக் கணக்கு இல்லை. மந்தநிலை எல்லோரையும் ஒரே அளவில் தாக்குவதில்லை. வீழ்கிறவர்களைத் தாங்கவே நலத்திட்டங்கள் இருக்கின்றன. அவை உரிய நேரத்தில் தாங்குமா என்பது, தேவை கூடும்போது நிதியும் தானாகக் கூடும்படி சட்டம் எழுதப்பட்டிருக்கிறதா என்பதைப் பொருத்தது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஒரு சட்டத்தால் இந்தக் கேள்வி மீண்டும் உயிர்பெற்றிருக்கிறது.

மூன்று படிகள்

மந்தநிலையின் தாக்கத்தை மூன்று படிகளாகப் பிரித்துப் பார்க்கலாம். மேல் படியில் இருப்போர் நிரந்தர மாதச் சம்பளம் பெறுவோர், குறிப்பாக அரசு ஊழியர்கள். 2008-ஆம் ஆண்டு உலகப் பொருளாதாரம் சரிந்தபோது, ஆறாவது ஊதியக் குழுவின் நிலுவைத் தொகை இவர்கள் கைக்கு வந்துகொண்டிருந்தது. 2020-இல் அகவிலைப்படி உயர்வின் மூன்று தவணைகள் நிறுத்திவைக்கப்பட்டன. நாடாளுமன்ற உறுப்பினர்களின் சம்பளம் ஓராண்டுக்கு 30 சதவீதம் குறைக்கப்பட்டது. இவையெல்லாம் இழப்புகள்தான். ஆனால் மாதக் கடைசியில் சம்பளம் வருமா என்ற பயம் இந்தப் படியில் இல்லை.

நடுப்படியில் தனியார் துறை ஊழியர்களும் சிறு வணிகர்களும் நிற்கின்றனர். இவர்களுக்கு 2020-இல் அரசு திறந்துவிட்ட வழிகளில் பெரும்பாலானவை இவர்களது சொந்தப் பணத்துக்கோ கடனுக்கோ இட்டுச் சென்றவை. வருங்கால வைப்பு நிதியிலிருந்து மூன்று மாத ஊதியம் அல்லது இருப்பில் 75 சதவீதம், இவற்றில் எது குறைவோ அதை எடுத்துக்கொள்ளலாம் என்றது அரசு. கடன் தவணைகளை ஆகஸ்ட் இறுதி வரை தள்ளிப்போட அனுமதித்தது ரிசர்வ் வங்கி. ஆனால் வட்டி நிற்கவில்லை. நகையின் மதிப்பில் 90 சதவீதம் வரை வங்கிகள் கடன் தரலாம் என்றும் அதே ஆகஸ்டில் விதி தளர்த்தப்பட்டது. முதுமைக்கென்று சேர்த்த பணமும் மகள் திருமணத்துக்கென்று வாங்கிய நகையும்தான் நடுத்தர வர்க்கத்தின் நலத்திட்டமாயின. ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் சேர்ந்திருந்தவர்களுக்கு மட்டும், வேலை இழந்தால் சராசரி ஊதியத்தில் பாதி 90 நாள்களுக்குக் கிடைக்க வழி செய்யப்பட்டது.

கீழ்ப்படியில்தான் நாட்டின் உழைப்பாளர்களில் மிகப் பெரும்பான்மையோர் இருக்கின்றனர். கட்டட வேலை, தையல், சமையல், சுமை தூக்குதல் என நாள் கூலிக்கு உழைப்போர் இவர்கள். வேலைக்கு எடுத்ததற்கு எழுத்தில் சான்று இல்லை. ஆகவே வேலை போனதற்கும் சான்று இல்லை.

இந்தப் படியில் நிகழ்ந்த சரிவை அரசின் தொழிலாளர் ஆய்வே காட்டுகிறது. 2018-19-இல் நாட்டின் உழைப்பாளர்களில் 42.5 சதவீதம் பேர் வேளாண்மையில் இருந்தனர். 2019-20-இல் அது 45.6 சதவீதமாகவும், 2020-21-இல் 46.5 சதவீதமாகவும் உயர்ந்தது. வயலிலிருந்து தொழிற்சாலைக்கு ஆள்கள் நகர்வதைத்தான் வளர்ச்சி என்று பொருளாதார நூல்கள் சொல்கின்றன. இங்கே அது தலைகீழாகத் திரும்பியது. பொருளாதாரம் மீண்ட பிறகும் 2023-24-இல் அந்த விகிதம் 46.1 சதவீதமாகவே இருந்தது. மந்தநிலையில் ஒரு படி இறங்கியவர், வளர்ச்சி திரும்பியதும் தானாக ஏறிவிடுவதில்லை.

பஞ்சமும் பிறப்பித்த சட்டங்கள்

இந்தியாவில் நலத்திட்டங்கள் பல, மோசமான ஆண்டுகளில் பிறந்தவை. 1972-இல் மகாராஷ்டிரத்தை வாட்டிய கடும் வறட்சியில் லட்சக்கணக்கானோர் நிவாரணப் பணிகளில் கல் உடைத்தனர். அந்த அனுபவத்திலிருந்து எழுந்ததுதான் அம்மாநிலத்தின் வேலை உறுதித் திட்டம். 1977-இல் அது சட்டமானது. 1979-80-இல் நாட்டின் பொருளாதாரம் 5.2 சதவீதம் சுருங்கியது. அடுத்த ஆண்டே தேசிய ஊரக வேலைவாய்ப்புத் திட்டம் வந்தது.

மகாராஷ்டிரச் சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டு 2005-இல் நாடாளுமன்றம் இயற்றிய தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம், 2008 ஏப்ரலில் நாட்டின் ஊரக மாவட்டங்கள் அனைத்துக்கும் விரிந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் லேமன் பிரதர்ஸ் திவாலானது. அதன் அதிர்ச்சி இந்தியாவின் ஏற்றுமதித் தொழில்களை எட்டியது. சூரத்தில் வைரம் பட்டை தீட்டியவர்கள் சௌராஷ்டிர கிராமங்களுக்குத் திரும்பினர். அந்த ஆண்டின் கடைசி மூன்று மாதங்களில் எட்டுத் தொழில்களில் மட்டும் சுமார் 5 லட்சம் பேர் வேலை இழந்தனர் என்று மத்திய அரசின் தொழிலாளர் வாரியம் கணக்கிட்டது.

அப்போது நூறு நாள் வேலை கைகொடுத்தது. 2008-09-இல் 4.5 கோடிக் குடும்பங்கள் இத்திட்டத்தில் வேலை பெற்றன. 2009-10-இல் அது 5.26 கோடியானது. 2009 ஜூலையில் பிரணாப் முகர்ஜி தாக்கல் செய்த நிதிநிலை அறிக்கை இத்திட்டத்துக்கு ரூ.39,100 கோடி ஒதுக்கியது. முந்தைய ஆண்டின் ஒதுக்கீட்டைவிட இது 144 சதவீதம் அதிகம்.

கேட்டவருக்கு வேலை

அந்தச் சட்டத்தின் உயிர்நாடி ஒன்றுதான். வேலை கேட்டவருக்கு 15 நாள்களுக்குள் வேலை தர வேண்டும். கூலிச் செலவு முழுவதையும் மத்திய அரசு ஏற்க வேண்டும். எத்தனை பேர் வேலை கேட்பார்கள் என்பதை தில்லி முன்கூட்டி முடிவு செய்ய முடியாது. நடைமுறையில் நிதித் தாமதமும் கூலி நிலுவையும் ஆண்டுதோறும் இருந்தன. ஆயினும் கேட்கும் உரிமை கேட்பவரிடம் இருந்தது.

2015 பிப்ரவரியில் மக்களவையில் பேசிய பிரதமர் நரேந்திர மோடி, இத்திட்டத்தை காங்கிரஸ் ஆட்சியின் தோல்விக்கு வாழும் நினைவுச் சின்னம் என்று வர்ணித்தார். ஐந்தாண்டுகளுக்குப் பின் அவரது அரசுதான் அத்திட்டத்தை அதுவரை இல்லாத அளவுக்கு விரிவுபடுத்தியது. 2020-21 நிதிநிலை அறிக்கையில் ஒதுக்கப்பட்டது ரூ.61,500 கோடி. மே மாதத்தில் மேலும் ரூ.40,000 கோடி அறிவிக்கப்பட்டது. கேள்வி நேரம் இல்லாத அந்த செப்டம்பர் கூட்டத்தொடரிலேயே துணை மானியக் கோரிக்கையாக அந்தத் தொகைக்கு நாடாளுமன்றம் ஒப்புதல் அளித்தது. ஆண்டு முடிவில் செலவு ரூ.1.11 லட்சம் கோடியைத் தொட்டது. 7.55 கோடிக் குடும்பங்கள் 389 கோடி மனித நாள்கள் வேலை பெற்றன. ஊர் திரும்பியவர் கையில் நகரத்து முதலாளி தந்த சான்று எதுவும் இல்லை. கிராமத்தில் மண்வெட்டி எடுக்க அந்தச் சான்று தேவைப்படவும் இல்லை.

உணவுப் பங்கீடும் பெரிய அளவில் உதவியது. 80 கோடிப் பேருக்கு மாதம் 5 கிலோ தானியம் இலவசமாகக் கூடுதலாக வழங்கப்பட்டது. ஆனால் அது பட்டியலில் பெயர் உள்ளவர்களுக்கான உதவி. அந்தப் பட்டியலின் உச்சவரம்போ 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்டது. குடும்ப அட்டை ஊரிலும் வயிறு நகரத்திலும் இருந்தவர்களுக்காக, எந்த அட்டையும் இல்லாத 8 கோடிப் புலம்பெயர்ந்தோருக்கு இரண்டு மாத தானியம் என்று மே மாதத்தில் தனி அறிவிப்பு செய்ய வேண்டியதாயிற்று. அதற்குள் பல லட்சம் பேர் நடக்கத் தொடங்கிவிட்டிருந்தனர். எல்லா மாநிலங்களும் 'ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை' திட்டத்தைச் செயல்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கெடு விதித்தது 2021 ஜூனில்தான்.

பட்டியலை நம்பிய உதவி, பட்டியலில் இல்லாதவரைத் தேடிக்கொண்டிருந்தது. உரிமையை நம்பிய உதவியை, தேவைப்பட்டவரே தேடி வந்தார். 2020 கற்பித்த பாடம் இது.

முன்கூட்டியே அளந்த நிதி

2025 டிசம்பர் 18-இல் மக்களவையும், அன்று நள்ளிரவு தாண்டி மாநிலங்களவையும் புதிய ஊரக வேலைச் சட்டத்துக்கு ஒப்புதல் அளித்தன. 'ஜி ராம் ஜி' என்று சுருக்கி அழைக்கப்படும் இச்சட்டம், 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பிடிப்பதற்காக இயற்றப்பட்டது. காந்தியின் பெயர் நீக்கப்பட்டது குறித்து எதிர்க்கட்சிகள் அவையில் பெரும் அமளியில் ஈடுபட்டன. அந்த இரைச்சலில் நிதி பற்றிய விதிகள் போதிய கவனம் பெறவில்லை.

அரசின் வாதத்தைப் புறக்கணிக்க முடியாது. வேலை நாள்கள் 100-லிருந்து 125-ஆக உயர்கின்றன. வாராவாரம் கூலி வழங்கச் சட்டம் வழிசெய்கிறது. விதைப்பு, அறுவடைக் காலங்களில் மொத்தம் 60 நாள்கள் வரை பணிகளை நிறுத்திவைத்தால் விவசாயிகளுக்கு ஆள் கிடைக்கும். திட்டமிட்ட நிதி ஒதுக்கீடு முறைகேடுகளைக் குறைக்கும். மாநிலங்களும் செலவில் பங்கேற்றால் பொறுப்பு கூடும். இவை ஆளும் தரப்பு முன்வைக்கும் நியாயங்கள்.

ஆனால் மந்தநிலையை மனத்தில் வைத்துப் படித்தால் வேறு காட்சி தெரிகிறது. புதிய சட்டத்தின்படி ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஆண்டு ஒதுக்கீட்டை மத்திய அரசு வரையறுக்கும். வடகிழக்கு, இமயமலை மாநிலங்கள் நீங்கலாக மற்ற மாநிலங்கள் செலவில் 40 சதவீதத்தை ஏற்க வேண்டும். ஒதுக்கீட்டுக்கு மேல் செலவானால் அந்தக் கூடுதல் முழுவதும் மாநிலத்தின் தலையில் விழும்.

மந்தநிலையில் மாநிலங்களின் கருவூலம் எப்படி இருக்கும் என்பதற்கும் 2020 சாட்சி. அந்த ஆகஸ்டில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சிலில், மாநிலங்களுக்குத் தர வேண்டிய இழப்பீட்டில் ரூ.2.35 லட்சம் கோடி பற்றாக்குறை ஏற்படும் என்று மத்திய அரசு மதிப்பிட்டது. மாநிலங்கள் கடன் வாங்கிக்கொள்ளலாம் என்பதே அன்று முன்வைக்கப்பட்ட வழி. வேலை கேட்டு மக்கள் திரளும் ஆண்டும் மாநில வருவாய் வற்றும் ஆண்டும் ஒன்றே. அந்த ஆண்டில் கூடுதல் செலவு உன்னுடையது என்றால், கேட்டவர்களுக்கெல்லாம் வேலை தர எந்த மாநில நிதியமைச்சர் துணிவார்? ரூபாய் அச்சிடும் அதிகாரமோ, தான் விரும்பிய அளவு கடன் வாங்கும் சுதந்திரமோ மாநிலங்களுக்கு இல்லை.

நகரத்துக்கு என்ன?

ஊரக உழைப்பாளிக்கு இத்தனை விவாதம் உண்டு. நகரத்துக் கூலிக்கு மந்தநிலையில் சட்டப்படியான உரிமை ஏதுமில்லை. 2008 டிசம்பரில், உலக மந்தநிலையின் உச்சத்தில், அமைப்புசாராத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. நலத்திட்டங்களை வகுக்கலாம் என்று சொன்ன அது, எதையும் உரிமையாக்கவில்லை. அதன் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2020-இல் இயற்றப்பட்டு 2025 நவம்பர் 21 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய இ-ஷ்ரம் தளத்தில் 30 கோடிக்கும் அதிகமானோர் பதிந்துள்ளனர். பட்டியல் ஆயிற்று. வேலை போனால் அந்தப் பதிவைக் காட்டி எதைக் கேட்டுப் பெறலாம் என்பதற்குத்தான் விடையில்லை. கேரளம் 2010-லும் ராஜஸ்தான் 2022-லும் நகர்ப்புற வேலைத் திட்டங்களைத் தொடங்கின. அவை மாநிலங்களின் முயற்சிகள். தேசிய அளவில் அப்படியொரு சட்டம் வரவில்லை.

1979-லும் 2008-லும் 2020-லும் மந்தநிலை வந்த காரணங்கள் வேறு வேறு. வறட்சி, வெளிநாட்டு வங்கியின் வீழ்ச்சி, கொள்ளைநோய். மூன்றில் எதுவும் நிதிநிலை அறிக்கை தாக்கலாகும்போது கண்ணுக்குத் தெரிந்ததில்லை. 2020 பிப்ரவரி 1 அன்று ரூ.61,500 கோடி போதும் என்று கணக்கிட்டவர்கள் திறமை குறைந்தவர்கள் அல்லர். அவர்கள் கணக்கு தவறியபோது அதைத் திருத்திக்கொள்ள சட்டம் இடம் தந்தது. துணை மானியக் கோரிக்கை வந்தது, அவை ஒப்புதல் தந்தது.

அடுத்த முறை கணக்கு தவறினால் திருத்தப்போவது யார், எந்தப் பணத்தில்? நாடாளுமன்றத்தில் இந்தக் கேள்வியை எழுப்ப மந்தநிலை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வந்த பிறகு கேள்வி நேரம் இருக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை.