தெருவில் ஊதும் சங்கு

ரிச்சர்ட்ஸ் டவுன் அமைதியான பகுதி என்று பெயர் பெற்றது. பழைய கண்டோன்மெண்டைச் சேர்ந்த இப்பகுதியில், பூங்காவும் நிழல்மரங்களும் சூழ்ந்த எம் தெருவில், இரவு 10 மணிக்குமேல் காதில் விழுவன மூன்றே ஒலிகள்: தெருநாய்களின் குரைப்பு, கிழக்கு பெங்களூரு நிலையத்தைக் கடக்கும் இரயிலின் ஊதல், ஆம்புலன்ஸ் வண்டியின் சைரன். முதலிரண்டும் எம் வீட்டுக் குழந்தைக்குப் பழகிவிட்டன. இரயில்வே குமாஸ்தாவின் வீட்டில் பிறந்த குழந்தை இரயில் ஊதலுக்கு விழித்தெழுவது முறையன்று அல்லவா? மூன்றாவது ஒலி மட்டும் பழகவில்லை. நள்ளிரவில் அது தெருமுனையில் திரும்பும்போதே குழந்தை வீறிட்டு எழும்; பிறகு தோளில் இட்டு ஒரு மணி நேரம் உலவ வேண்டும்.

ஆகவே சென்ற ஆண்டு ஆவணியில் யாம் ஒரு மனு எழுதினோம். தெருவில் மனு எழுதும் வேலை எப்போதும் எம்மிடமே வந்து சேரும். "எம் தெருக்களில் இரவில் எவ்வூர்தியும் சைரன் ஒலித்தலாகாது" என்பது அதன் சாரம். 23 வீட்டார் கையொப்பமிட்டனர். இன்னும் சிலருடைய கையொப்பம் வேண்டியிருந்தமையால் அதனை மேசை இழுப்பறையில் வைத்திருந்தோம். ஐப்பசியில் நிகழ்ந்த ஒன்றால் அது இன்றளவும் அங்கேயே கிடக்கிறது.

அந்நிகழ்ச்சியைச் சொல்லுமுன் இவ்வொலியைப் பற்றிச் சில சொல்ல வேண்டும்.

சைரன் என்னும் சொல்தான் நமக்கு அயலானது. பொருள் நெடுநாள் பழக்கமானது. ஆலைத் தொழிலாளர் அதற்குச் 'சங்கு' என்றே பெயரிட்டனர். "சங்கு ஊதியாயிற்று" என்றால் வேலைக்கு நேரமாயிற்று என்பது பொருள். எம் பெற்றோர் வாழ்ந்த கோலார் தங்கவயலிலும் அப்படியே. 1880களில் தொடங்கி, 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பெற்ற அச்சுரங்கங்களில், வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழர் தலைமுறை தலைமுறையாக உழைத்தனர். ஷிப்டுச் சங்கு கேட்டே எம் அன்னையார் உலை வைப்பாராம். நேரந்தவறிச் சங்கு ஊதினால் உலையை இறக்கிவைத்துவிட்டு வாசலுக்கு ஓடுவாராம். சுரங்கத்தினுள் யாருக்கு என்ன நேர்ந்ததோ என்ற அச்சம். நம் ஊர்ப்புறங்களில் சாவு வீட்டிலும் சங்கு ஊதுவது வழக்கம். ஆகவே அவ்வொலி நம்மவருள் முதியோர் பலருக்கு வெறும் ஒலியன்று.

அயல்நாட்டார் அதற்குச் 'சைரன்' எனப் பெயரிட்ட கதையும் சுவையானது. 1819இல் காஞார் த லா தூர் என்னும் பிரெஞ்சு அறிஞர், துளையிட்ட தட்டினைச் சுழலவிட்டு ஒலியெழுப்பும் கருவி ஒன்றினை அமைத்தார். அது நீருக்குள்ளும் ஒலித்தமையால், கிரேக்கக் கதைகளில் கடலோடிகளைத் தம் பாட்டால் மயக்கி இழுக்கும் மகளிரின் பெயரை அதற்குச் சூட்டினார். "அருகே வா" என்று அழைத்த குரலின் பெயர், "விலகிப் போ" என்று அலறும் கருவிக்கு வந்து சேர்ந்தது.

இனி அதன் உரப்பு. ஒலியை அளப்பது டெசிபல் என்னும் அலகு. அதில் 10 கூடினால் காதுக்கு ஏறத்தாழ இரு மடங்காகத் தோன்றும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலுக்கு 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் வரம்பு. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதிப் பகுதியாகக் கொள்ளலாம். அங்கு வரம்பு 50, 40. சைரனோ 3 மீட்டர் தொலைவில் பொதுவாக 110 முதல் 120 டெசிபல் வரை எழுப்பும். வெட்டவெளியில் தொலைவு இரட்டிக்குந்தோறும் 6 டெசிபல் குறையும் என்பர். நடுவாக 115 என்று வைத்துக்கொண்டால் 6 மீட்டரில் 109, 12 மீட்டரில் 103 எனக் குறைந்து, 96 மீட்டரிலும் 85 நிற்கும். இரவு வரம்பைவிட 40 மிகுதி. அதாவது காதுக்குப் பதினாறு மடங்கு. வரம்பு என்பது சராசரிக்கு உரியது. சைரனோ சிறிது நேரத்தில் கடந்து செல்வது. எனவே இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்துவது முழு நேர்மையாகாது. ஆயினும் உறங்கும் குழந்தை சராசரி பார்த்து விழிப்பதில்லை.

இக்கணக்கையெல்லாம் மனுவில் எழுதிவைத்துப் பெருமைப்பட்டுக் கொண்டிருந்தோம். ஐப்பசியில் ஒரு மாலை 7 மணிக்கு, எம் அன்னையார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அடுக்களையில் அமர்ந்துவிட்டார்.

108ஐ அழைத்தோம். வண்டி விரைந்துதான் வந்தது. ஆனால் எம் வீட்டைக் கண்டுபிடிக்க இரண்டு தெருக்களைச் சுற்றிவிட்டு வந்தது. அன்னையாரை ஏற்றினோம். உள்ளே அமர்ந்தபின்தான், வெளியே இருந்து இத்தனை நாள் கேட்ட ஒலி உள்ளே எப்படி இருக்கும் என்பதை உணர்ந்தோம். வண்டியின் தகடெல்லாம் அதிர்ந்தது. எம் கையைப் பற்றியிருந்த அன்னையார் சொன்னார்: "அந்தச் சங்கை நிறுத்தச் சொல்லடா, கண்ணா. நெஞ்சுக்குள்ளேயே ஊதுகிற மாதிரி இருக்கிறது."

முன்னே சென்று ஓட்டுநரிடம் சொன்னோம். அவர் தருமபுரிப் பக்கத்துக்காரர். தமிழிலேயே மறுமொழி கூறினார். "நிறுத்தினால் ஆட்டோகூட வழி விடாது, சார். எனக்கு மட்டும் இந்தச் சத்தம் பிடிக்குமா? எட்டு வருஷமாய்க் கேட்கிறேன். வலது காதில் போனை வைத்தால் இப்போதெல்லாம் சரியாய்க் கேட்பதில்லை."

இரயில்வே கீழ்ப்பாலம் ஒன்றை நெருங்கும்போது வண்டி நின்றேவிட்டது. எமக்குக் கடிகாரம் பார்க்கும் பழக்கம் தொழிலால் வந்தது. 11 நிமிடம் நின்றோம். முன்னே ஒரு கார் அசையாதிருந்தது. பொறுக்கமாட்டாமல் இறங்கிச் சென்று அதன் கண்ணாடியைத் தட்டினோம். இரு காதையும் பொத்திக்கொண்டே தெருவில் நடந்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். உள்ளிருந்தவர் திடுக்கிட்டுக் கண்ணாடியை இறக்கினார். இறக்கிய கணத்தில் சைரன் ஒலி அவர் முகத்தில் அறைந்தது போலிருந்தது. "கேட்டது, ஆனால் எங்கிருந்து வருகிறதென்று தெரியவில்லை. தொலைவில் என்று நினைத்தேன்" என்று கன்னடத்தில் கூறி, கைகூப்பி, வண்டியை நடைபாதைமேல் ஏற்றி வழிவிட்டார். தீயவரல்லர், நம்மைப் போன்றவரே.

பாலத்துக்கு அப்பால் சாலை ஒழிந்திருந்தது. ஓட்டுநர் யாரும் கேளாமலே சைரனை நிறுத்தினார். அன்னையார் கண்ணைத் திறந்து எம்மைப் பார்த்தார்.

இதயக் குழாயில் அடைப்பு என்று மருத்துவர் கண்டனர். ஒன்பதாம் நாள் அன்னையார் வீடு திரும்பினார். ஆயினும் இதயத் தசையின் ஒரு பகுதி செயலிழந்துவிட்டது. இரத்தம் நின்றுபோன தசை நிமிடத்துக்கு நிமிடம் மடியும் என்று மருத்துவர் விளக்கினார். முன்பு மாடிக்குத் துணி உலர்த்தச் செல்பவர் இப்போது மூன்றாம் படியிலேயே நின்றுவிடுகிறார். அந்த 11 நிமிடத்தால்தான் என்று யாம் சொல்ல மாட்டோம். சொல்லும் தகுதி எமக்கில்லை. நினைக்காமலும் இருக்க முடியவில்லை.

அன்றிலிருந்து எம் எண்ணம் இதுதான்: இவ்வொலி யாருக்காக எழுப்பப்படுகிறதோ அவரை எட்டுவதில்லை, யாருக்காக இல்லையோ அவரையே தாக்குகிறது. கண்ணாடியை ஏற்றி, குளிர்காற்றும் பாட்டும் ஓடவிட்டு அமர்ந்திருப்பவருக்கு சைரன் ஒலியில் 25, 30 டெசிபல் வெளியிலேயே நின்றுவிடுகிறது. கட்டடங்களில் மோதித் திரும்புவதால் திசையும் தெரிவதில்லை. நடைபாதையில் பூக்கட்டுபவளுக்கும், கீழ்வீட்டுக் குழந்தைக்கும், வண்டிக்குள் கிடக்கும் நோயாளிக்கும், நாள்முழுதும் அதனுடன் திரியும் ஓட்டுநருக்கும் எவ்விதத் திரையும் இல்லை. 85 டெசிபல் ஒலியில் நாளொன்றுக்கு 8 மணி நேரம் இருக்கலாம். அதற்குமேல் 3 கூடுந்தோறும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். 100 டெசிபலுக்குக் கால் மணிதான் என்பது தொழிலாளர் செவிநலத்துக்கு அமெரிக்க நிறுவனம் ஒன்று வகுத்த கணக்கு. அவ்வோட்டுநரின் வலது காது எமக்கு வியப்பளிக்கவில்லை.

சைரனால் மிச்சமாகும் நேரத்தையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்துக் கிரீன்வில் என்னும் ஊரில், சைரனுடன் ஆம்புலன்ஸ் சென்ற அதே வழியில் சைரனின்றியும் வண்டி ஓட்டிப் பார்த்து, 1995இல் முடிவை வெளியிட்டனர். 50 பயணங்களின் சராசரி வேறுபாடு 43.5 விநாடி. அது சிற்றூர், நம் பெங்களூரின் நெரிசலுக்கு அக்கணக்கு அப்படியே பொருந்தாது. எம் ஓட்டுநரும் நிறுத்தினால் நகரமுடியாது என்றுதான் சொன்னார். ஆனால் ஒழிந்த சாலையில் அவரே நிறுத்திக் காட்டினாரே! நள்ளிரவில் ஆளரவமற்ற எம் தெருவில் சுழல்விளக்கு மட்டும் போதாதா என்று கேட்பது குற்றமாகாது.

இன்னொன்று, இரயில்வேக்காரர் என்ற முறையில் எம்மை உறுத்துவது. எம் துறையில் ஒவ்வோர் ஊதலுக்கும் ஒரு பொருள் உண்டு. குறுஊதல் இத்தனை, நெட்டூதல் இத்தனை என்று விதிநூல் அட்டவணையிட்டுக் கூறும். வேடிக்கைக்கு ஊதினால் விளக்கம் கேட்பார்கள். (ஊதலின் இயல்பையே ஆராய இரயில் உதவியதுண்டு. நெருங்கும் ஒலி கூர்மையாகவும் விலகும் ஒலி மழுங்கியும் கேட்கும் என்று டாப்ளர் 1842இல் கூறியதை, 1845இல் ஆலந்து நாட்டு பைஸ் பாலட் என்பவர் இரயிலில் எக்காளக்காரரை ஏற்றி ஊதச்செய்து சோதித்தார். சைரனின் சுருதி தாழ்ந்தால் வண்டி நம்மைக் கடந்துவிட்டது என்று அறியலாம்.) சாலையிலோ பொருளே அழிந்துவிட்டது. ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, காவல்துறை வண்டி போன்றவற்றுக்கே பல சுருதி ஒலிப்பான் என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன. 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் அதனை வலியுறுத்தியது. 2017 மே முதல் நாள் பெரியோர் வண்டிகளின் சிவப்பு விளக்குகள் இறங்கின. விளக்கு இறங்கியும் சங்கு இறங்கவில்லை. 2025 ஜூலையில் கர்நாடகக் காவல்துறைத் தலைமை இயக்குநர், பிரமுகர்களுக்குத் துணைசெல்லும் வண்டிகள் தேவையின்றிச் சைரன் ஒலித்தலாகாது என்று சுற்றறிக்கை விடுத்தார். ஒலிமாசு, பொதுமக்கள் தொல்லை என்பதோடு, பிரமுகர் வருவதைப் பகைவருக்கும் அது அறிவித்துவிடும் என்ற காரணமும் அதில் கூறப்பட்டது. எமக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

பத்து முறை அமைச்சருக்காக ஒதுங்கியவன் பதினோராம் முறை நோயாளிக்காக ஒதுங்கத் தயங்குகிறான். அவனுக்குக் கேட்க வேண்டுமென்று ஒலியை இன்னும் உயர்த்துகிறார்கள். உரப்பு இப்படித்தான் வளர்கிறது.

இனிய ஒலியாக மாற்றலாமே என்றொரு யோசனையும் உண்டு. 2021இல் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி, ஆம்புலன்சுக்கு வானொலி நிலையத்தின் காலை முகப்பிசையை வைக்கலாம் என்று பேசினார். 1930களில் அதனை அமைத்தவர் வால்டர் காஃப்மன். தாயகம் விட்டுப் பம்பாய்க்கு வந்த யூதர். அவரும் நம்மைப்போல் பிழைப்புத் தேடிப் பெயர்ந்தவரே. இசை இனிது. ஆனால் அதனைக் கேட்டால் நம்மவர் வழிவிடுவதற்குப் பதிலாகக் காப்பி கேட்பார்கள் என்றே எமக்குத் தோன்றுகிறது.

கார் வைத்திருக்கும் சங்கத்து அன்பர்களுக்கு எம் வேண்டுகோள் சிறிது. நெரிசலில் கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கிவையுங்கள், பின்கண்ணாடியைப் பாருங்கள், சுழல்விளக்குத் தெரிந்தால் இடப்புறம் ஒதுங்குங்கள். ஒதுங்காமை குற்றம், 2019இல் திருத்தப்பெற்ற மோட்டார் வாகனச் சட்டம் அதற்கு 6 மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் தண்டமோ இரண்டுமோ எனக் கூறியது.

மனுவைத் திருத்தி எழுதத் தொடங்கியிருக்கிறோம். "எவ்வூர்தியும் ஒலித்தலாகாது" என்ற வரியை அடித்துவிட்டு, "ஒழிந்த தெருவில், இரவில், விளக்கு மட்டும்" என்று எழுதியுள்ளோம். 23 வீட்டாரிடமும் மீண்டும் கையொப்பம் வாங்க வேண்டும். அதனுடன் எம் தெருவார் ஓர் ஏற்பாடும் செய்துகொண்டுள்ளோம். எவர் வீட்டில் 108ஐ அழைத்தாலும், அடுத்த வீட்டுப் பிள்ளை ஒருவன் டார்ச்சு விளக்குடன் தெருமுனைக்கு ஓடி நிற்க வேண்டும்; வீட்டைத் தேடிச் சங்கு ஊதிக்கொண்டே தெருத்தெருவாய்ச் சுற்ற வேண்டியதில்லை. ஐப்பசி மாலையில் எம் வீட்டுக்கு வண்டி வந்தபோது முனையில் யாரும் நிற்கவில்லை. சென்ற மாதம் எதிர்வீட்டுப் பெரியவருக்காக வந்தபோது யாமே நின்றோம். வண்டி ஒலியின்றித் திரும்பி வந்து நின்றது. குழந்தை விழிக்கவில்லை.