ஆபரேஷன் செய்தும் கழுத்துக்கட்டி மீண்டும் வருவது ஏன்?

ஏற்காடு,

சேர்வராயன் மலை கிராமங்களில் குழந்தைக்கு கழுத்தின் நடுவே கட்டி வந்தால், ஆபரேஷனுக்கு மலையிறங்கி சேலம் அரசு ஆஸ்பத்திரிக்கு வரவேண்டியுள்ளது. எடுத்த கட்டி மீண்டும் வந்தால் கூலி வேலையை விட்டு மறுபடியும் அலைச்சல்தான்.

காரணம் என்ன?

கருவில் தைராய்டு சுரப்பி நாக்கின் அடியில் உருவாகி கழுத்துக்கு இறங்குகிறது. அது வந்த பாதை மூடாவிட்டால், நீர் சேர்ந்து கட்டியாகிறது. நாக்கை நீட்டினால் கட்டி மேலே ஏறும்.

இந்தப் பாதை தாடைக்குக் கீழுள்ள 'ஹையாய்டு' எலும்பை ஒட்டிச் செல்கிறது. கட்டியை மட்டும் எடுத்தால் பாதை உள்ளேயே தங்கி, மீண்டும் வீங்கும்.

ஆபரேஷன் முறை

எலும்பின் நடுப்பகுதியையும் பாதையையும் சேர்த்து எடுக்கும் முறையை 1920-ல் அமெரிக்க டாக்டர் சிஸ்ட்ரங்க் விளக்கினார். இதில் மிகச் சிலருக்கே திரும்ப வருகிறது.

எனவே, "எலும்பையும் சேர்த்து எடுப்பீங்களா?" என்று டாக்டரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஸ்கேனும் அவசியம். சிலருக்கு அந்தக் கட்டியே தைராய்டாக இருக்கும்.