ஆற்றைக் கற்ற மாணவர்

நீரின்றி உயிர்கள் வாழா என்பதைக் கல்லாதாரும் அறிவர். ஆயினும், தம் ஊர் ஆற்று நீர் தூயதோ, மாசுற்றதோ என்று வினவினால், உறுதியாக விடை கூற வல்லவர் மிகச் சிலரே. கண்ணாடிபோலத் தெளிந்து தோன்றும் நீரும் கொடிய நோய்க்கு இடமாதல் உண்டு. ஆதலின், நீரின் தன்மையை அளந்தே அறிதல் வேண்டும். அவ்வாறு அளந்தறியும் முறையைப் பல்கலைக்கழகத்தார் பள்ளி மாணவர்க்குக் கற்பித்த வரலாற்றையும், அதனால் விளைந்த நன்மையையும் இப்பாடத்திற் காண்போம்.

அமெரிக்க நாட்டின் மிச்சிகன் மாநிலத்தில் ஆன் ஆர்பர் என்னும் நகரம் உள்ளது. ஹியூரான் என்னும் ஆறு அந்நகரின் வழியே ஓடி, ஈரி என்னும் பேரேரியிற் கலக்கின்றது. நகர மக்கள் பருகும் நீரிற் பெரும்பகுதி அவ்வாற்றினின்றே பெறப்படுவதாகும். மிச்சிகன் பல்கலைக்கழகம் அந்நகரிலேயே அமைந்துள்ளது. அங்கே இயற்கை வளங்களைப் பற்றி ஆராயும் முதுநிலை மாணவர்கள், தம் கல்வியை நூலகத்தோடு நிறுத்திக்கொள்ளாத இயல்பினர். 1970ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அவர்கள் முன்னின்று நடத்திய சூழ்நிலைக் கல்விக் கூட்டங்களுக்குப் பொதுமக்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு வந்தனர். உலகின் முதற் புவிநாள் கொண்டாடப்பெற்றது, அதன்பின் ஏப்பிரல் 22ஆம் நாளிலேயாம்.

அப்பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஸ்டாப் (1929–2001) என்னும் பேராசிரியர் பணியாற்றி வந்தார். சூழ்நிலைக் கல்வி என்பது யாது என்பதை 1969ஆம் ஆண்டில் அவரும் அவர்தம் குழுவினரும் ஒரு கட்டுரையில் வரையறுத்துக் காட்டினர். நம்மைச் சூழ்ந்துள்ள இயற்கையையும் அதற்கு நேரும் இடர்களையும் அறிதல், அவ்விடர்களைத் தீர்க்கும் வழியை அறிதல், அறிந்தபின் தீர்க்க முற்படுதல் ஆகிய மூன்றும் கூடியதே அக்கல்வி என்பது அவர் கொள்கை. அக்கொள்கையைச் சோதித்துப் பார்க்க 1984ஆம் ஆண்டில் ஒரு வாய்ப்பு நேர்ந்தது.

அந்நகரத்து உயர்நிலைப் பள்ளி மாணவர் சிலர், பாய் கட்டிய பலகையின்மேல் நின்று காற்றின் விசையால் நீரிற் சறுக்கிச் செல்லும் விளையாட்டில் ஈடுபடுவது வழக்கம். ஹியூரான் ஆற்றில் அவ்வாறு விளையாடிய சிலருக்குக் கல்லீரலைத் தாக்கும் மஞ்சட்காமாலை நோய் கண்டது. ‘ஆற்று நீரே இதற்குக் காரணமோ?’ என்ற அச்சம் வகுப்பிலே எழுந்தது. ஆசிரியர் ஸ்டாப்பின் துணையை நாடினார். ஸ்டாப்பும் அவருடைய முதுநிலை மாணவர்களும் பள்ளிக்கு வந்தனர். நீரைத் தாமே சோதித்து, முடிவை மட்டும் கூறிச் செல்லுதல் அவர்களுக்கு எளிதாயிருந்திருக்கும். அவர்களோ, பள்ளி மாணவரையே ஆற்றங்கரைக்கு அழைத்துச் சென்று, சோதிக்கும் முறையைக் கற்பித்தனர்.

அச்சோதனைகள் ஒன்பது வகைப்படும். நீரிற் கரைந்துள்ள பிராணவாயு, மலத்தினின்று வந்து கலக்கும் நுண்ணுயிர்கள், அமில காரத் தன்மை, அழுகு பொருள்களைச் சிதைக்கச் செலவாகும் பிராணவாயு, வெப்பநிலை வேறுபாடு, பாஸ்பேட்டு, நைட்ரேட்டு, கலங்கல், மொத்தத் திடப்பொருள் என்பன அவை. 142 அறிஞர்களின் கருத்தை வினவி, 1970ஆம் ஆண்டில் இம்முறை வகுக்கப்பெற்றது. ஒன்பதன் முடிவுகளையும் சேர்த்து, ஆற்றுக்கு 0 முதல் 100 வரை ஒரு மதிப்பெண் வழங்கலாம்.

இவற்றுள் இரண்டை மட்டும் விளக்குவோம். ஆற்று நீரை இரு புட்டிகளில் காற்றுக் குமிழி இன்றி நிரப்புவர். ஒன்றிலுள்ள பிராணவாயுவை உடனே அளப்பர். மற்றொன்றை இருட்டில் 20 பாகை வெப்பநிலையில் ஐந்து நாள் வைத்திருந்து, பின்னர் அளப்பர். இடையிற் குறைந்த அளவு மிகுதியாயின், நீரில் அழுகு பொருள்கள் மிகுதி என்பது தெளிவு. நுண்ணுயிரை அறிதற்கு, நீரை மிக நுண்ணிய வடிதாளில் வடித்து, அத்தாளை நுண்ணுயிர்க்கு உணவாகும் பொருளின்மேல் இட்டு, 44.5 பாகை வெப்பத்தில் ஒரு நாள் வைப்பர். கண்ணுக்குப் புலனாகாத ஒவ்வோர் உயிரும் பல்கிப் பெருகி ஒரு புள்ளியாகத் தோன்றும். 100 மில்லிலிட்டர் நீருக்கு 200 புள்ளிகளுக்கு மேற்படின், அந்நீர் நீந்துதற்கு ஏற்றதன்று என்பது அக்காலத்து அந்நாட்டில் கொள்ளப்பட்ட எல்லையாகும்.

மாணவர்கள் எண்ணிப் பார்த்தபோது, மழைக்குப் பின்னர் அந்நுண்ணுயிர்கள் பெருகக் கண்டனர். மழைநீரை ஆற்றிற்குக் கொண்டுசெல்லுதற்கென ஒரு வடிகாலும், கழிவுநீரைத் தூய்மை செய்யும் நிலையத்திற்குக் கொண்டுசெல்லுதற்கென வேறொரு குழாயும் நகரில் அமைந்திருத்தல் முறை. வடிகாலில் நேர்ந்த பழுதால், மழையோடு கழிவும் ஆற்றிற் கலந்ததே கேட்டிற்குக் காரணமாயிற்று. மாணவர் தம் கணக்கை நகராட்சியார் முன் வைத்தனர். வெறுங் குறையாகக் கூறியிருப்பின், ‘சிறுவர் பேச்சு’ என்று தள்ளியிருத்தல் கூடும். நாளும் இடமும் அளவும் குறித்த கணக்கை எவ்வாறு தள்ளுவது? பழுதைத் திருத்தும் வழி பிறந்தது.

இச்செய்தி பிற ஊர்களுக்கும் பரவிற்று. தொழிற்சாலைகள் நிறைந்த டெட்ராய்ட்டு நகர்ப்புறத்தே ஓடும் ரூஜ் ஆற்றங்கரைப் பள்ளிகள் பலவும் இப்பணியில் இறங்கின. 1989ஆம் ஆண்டில் உலகளாவிய ஆற்றுக் கல்வி இணைப்பு ஒன்று நிறுவப்பெற்று, பல நாட்டுப் பள்ளிகளும் அதிற் சேர்ந்தன.

இம்முயற்சியாற் பயன் பெற்றவர் பள்ளி மாணவர் மட்டுமல்லர். ஐயமறக் கல்லாததைப் பிறர்க்குக் கற்பித்தல் அரிது. ஆகவே, கற்பிக்க வந்த முதுநிலை மாணவர் தம் பாடத்தை மேலும் ஆழ்ந்து கற்றனர். நகரமோ தன் ஆற்றின் நிலையை அறிந்தது.

மாணவர்களே! உங்கள் ஊரிலும் ஓர் ஆறோ, குளமோ, கால்வாயோ இருத்தல் கூடும். அதன் நீர் எங்கிருந்து வருகின்றது, வழியில் எவை அதிற் கலக்கின்றன, மழைக்கு முன்னும் பின்னும் எவ்வாறு மாறுகின்றது என்று ஆசிரியர் துணையோடு கரையில் நின்று கண்டு குறித்து வாருங்கள். முறையாகக் குறித்த கணக்கு, இளைஞர் சொல்லையும் அவையில் ஏறச் செய்யும்.