திடீரென நிற்கும் காரும் விரலளவு உணரியும்

நெடுஞ்சாலையில் ஓடும் கார் முன்னறிவிப்பின்றி நின்றுவிடுகிறது. அரைமணி நேரம் கழித்துத் திறப்பைத் திருகினால், ஒன்றும் நடவாததுபோல் இயங்குகிறது. எரிபொருள் பம்பியை மாற்றப் பணம் கொடுக்குமுன், சென்சர் எனப்படும் உணரியைச் சந்தேகித்தல் நன்று.

பல ஐரோப்பியக் கார்களில் கிராங் தண்டோடு சுழலும் பற்சில்லில் 60 பற்களுக்கான இடத்தில் 58 மட்டுமே இருக்கும். அவ்விடைவெளி உணரியைக் கடக்கும் கணத்தைக் கொண்டே பிஸ்டன் எங்குள்ளது என்பதைக் கணினி அறிகின்றது. உணரியினுள் உள்ள மெல்லிய செப்புச்சுருள் சூடேறி அறுபட்டால் சமிக்ஞை மறைகின்றது, தீப்பொறியும் நிற்கின்றது. ஆறியதும் கம்பி மீண்டும் தொட்டுக்கொள்கிறது. வால்வுகளை இயக்கும் காம் தண்டின் உணரி பழுதானாலோ, பெரும்பாலும் கார் தாமதித்தேனும் இயங்கும்.

பல கார்களில் ஒரேயொரு போல்ட்டே உணரியைப் பிடித்திருக்கும், வீட்டிலேயே மாற்றலாம். இயந்திரம் ஆறிய பின் பற்றரியின் மறைமுனையைக் கழற்றுங்கள். காருக்கு அடியில் புகவேண்டுமாயின் ஜாக்கை மட்டும் நம்புதல் கூடாது. அது சறுக்கினால் உயிரே போய்விடும். சமதரையில், உறுதியான தாங்கிகள்மீது காரை இருத்திய பின்னரே கீழே செல்லுங்கள்.

புதியது வாங்குமுன் வயர் இணைப்பைக் கழற்றிப் பாருங்கள். எண்ணெய் ஊறிய ஊசிகளே குற்றவாளியாய் இருப்பதுண்டு! பழையது இறுகியிருந்தால் நெம்பாது, இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுக்க வேண்டும். உடைந்து துண்டு உள்ளே சிக்கினால் செலவு இரட்டிப்பாகும். புதியதன் இறப்பர் வளையத்திற்குச் சிறிது எண்ணெய் பூசிப் பொருத்துங்கள்.

உணரி டைமிங் பெல்ட்டின் மூடிக்குள் இருந்தால் தொடாதீர்கள். அது கராஜ்காரரின் வேலை. சில கார்களில் புதிய உணரியைக் கணினிக்கு அறிமுகப்படுத்தவும் அவரது கருவி தேவைப்படும்.