பத்து மணிக் கடிகாரம்!

மேலே விண்ணை முட்டும் மாளிகைகள்! மாளிகைக்கு மாளிகை பாலங்கள்! பூங்காவிலே ஆடிப்பாடிக் களித்திடும் செல்வச் சீமான் வீட்டுப் பிள்ளைகள்! கீழே, பூமிக்கும் அடியிலே, ஓயாமல் உறுமும் இயந்திரங்கள். அந்த இயந்திரங்களுக்கும் அடியிலே ஓர் ஊர். அங்கேதான் உழைப்பவன் குடியிருக்கிறான். ஒரே விதமான உடை, ஒரே விதமான தொப்பி, கவிழ்ந்த தலை. பெயர் சொல்லி அழைப்பாரில்லை, எண்தான். ஒருவன் 11811!

1927 சனவரி 10-ல் பெர்லின் நகரத்துக் கொட்டகையிலே முதன்முதல் காட்டப்பட்ட ‘மெட்ரோபோலிஸ்’ என்னும் படத்தைத்தான் சொல்கிறோம். எடுத்தவர் ஃபிரிட்ஸ் லாங். கதை எழுதியவர் அவருடைய துணைவியார் தேயா ஃபான் ஹார்பு. ஊமைப்படம்தான், ஆனால் அது கிளப்பிய பேச்சு இன்றுவரை ஓயவில்லை.

“என்றோ வரப்போகும் நகரத்தைப் பற்றிய கற்பனைதானே, இதிலே அரசியல் என்ன, பொருளாதாரம் என்ன?” என்று கேட்பார் உண்டு. வருங்காலத்தை நேரில் பார்த்துவிட்டு வந்து படம் எடுத்தவர் யார், தோழர்களே? எவரும் இல்லை! இன்று வயிற்றைக் கிள்ளும் பசியைத்தான் நாளைய உலகமென்று திரையிலே தீட்டுகிறார்கள்.

அந்தப் படத்திலே ஒரு கடிகாரம் காட்டப்படுகிறது. நம் வீட்டுக் கடிகாரம்போல் பன்னிரண்டு எண் கொண்டதல்ல. பத்தே பத்து எண்! பத்து மணி முடிந்ததும் சங்கு ஊதும். ஒரு கூட்டம் தளர்ந்து வெளியேறும், மறு கூட்டம் தலைகுனிந்து உள்ளே நுழையும். ஏன் பத்து? 1918 நவம்பரில் மன்னராட்சி கவிழ்ந்ததும் ஜெர்மன் தொழிலாளி முதலில் பெற்றது எட்டு மணி நேர வேலை உரிமை. ஐந்தே ஆண்டுகள்! 1923-ல் பணவீக்கம் பேயாட்டம் ஆடிற்று. அந்த நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க்கு! வாரக்கூலி, வாங்கிய கையிலேயே வற்றிப்போயிற்று. அந்தக் குழப்பத்தோடு குழப்பமாக, டிசம்பரிலே, பத்து மணி வரை வேலை வாங்கலாமென்று ஆணையும் வந்தது. லாங் இதை எண்ணித்தான் கடிகாரம் வைத்தார் என்று நாம் சாதிக்கவில்லை. ஆனால் நாலணா டிக்கெட்டுக்காரன் என்று நாம் சொல்வோமே, அந்த இடத்திலே உட்கார்ந்திருந்த பெர்லின் தொழிலாளிக்கு, அந்த முள் எதைக் காட்டுகிறது என்று யாரும் விளக்கவேண்டியிருந்திராது.

மற்றொன்று கேளுங்கள். தொழிலாளர் ஊரை வெள்ளம் சூழ்கிறது; குழந்தைகள் கதறுகின்றனர். பார்ப்பவர் நெஞ்சு பதறும் காட்சி! அந்தக் குழந்தைகள் யார்? பெர்லினின் ஏழைச் சேரிகளிலிருந்து அழைத்துவரப்பட்ட சிறுவர் சிறுமியர்! நீரிலே நிற்க வைத்து, நாள்கணக்கில் எடுத்தார்கள். 1926 தொடக்கத்தில் ஜெர்மனியில் வேலையற்றோர் சுமார் 20 லட்சம். கூட்டக் காட்சிக்கு ஆள் கிடைப்பதா கடினம்? ஏழை படும் பாட்டைக் காட்டும் படத்துக்கு, ஏழை படும் பாடே மூலதனமாயிற்று. செலவோ சுமார் 50 லட்சம் மார்க்கு. எடுத்த ‘ஊஃபா’ நிறுவனம் கடனிலே தத்தளித்தது. அதே 1927-ல் ஹூகன்பர்க் என்னும் பத்திரிகை முதலாளி அதை வாங்கினார். தேசியம் பேசிய வலதுசாரிக் கட்சிக்காரர். 1933-ல் இட்லரின் அமைச்சரவையிலும் அமர்ந்தார்!

கதையிலே நமக்கு மிகவும் பிடித்த இடம், கிளர்ச்சி மூளும் இடம். தொழிலாளர் நம்பும் மேரியா என்ற பெண்ணைப்போலவே ஓர் இயந்திரப் பாவையைச் செய்து, “உடைத்தெறியுங்கள்!” என்று கூவவிடுகிறான் நகரத்து அதிபதி. ஏன்? அவர்கள் கையோங்கினால்தான் இவன் தடியெடுக்க நியாயம் கிடைக்கும்! கூட்டத்திலே முதல் கல்லை எறிபவன் யார் என்று திரும்பிப் பார்க்கும் பழக்கமுள்ள தோழர்களுக்கு இது புதிதல்ல.

இவ்வளவும் காட்டிய படம் எப்படி முடிகிறது? கோயில் வாசலிலே மேஸ்திரியும் முதலாளியும் கைகுலுக்குகிறார்கள். முதலாளி மகன் நடுவே நின்று இருவரையும் சேர்த்துவைக்கிறான். தலைக்கும் கைக்கும் இடையே இதயம் இருந்தால் போதுமாம்! கூலி உயர்ந்ததா? இல்லை. வேலை நேரம் குறைந்ததா? இல்லை. பாதாள ஊரைவிட்டு எவனாவது மேலே குடியேறினானா? அதுவும் இல்லை! பின்னாளில் லாங்குக்கே இந்த முடிவு பிடிக்கவில்லை. 1933-ல் அவருடைய ‘டாக்டர் மபூஸ்’ படம் ஒன்றை நாஜிகள் தடை செய்தனர். அவர் நாட்டைவிட்டே வெளியேறினார். கதை எழுதிய அம்மையாரோ அங்கேயே தங்கி, அந்த ஆட்சியிலே படத்தொழில் நடத்தினார். அந்த ஆண்டே மணமுறிவு. ஒரே வீட்டுக்குள் ஒரு நாட்டின் பிளவு!

அண்மைக்காலப் படமொன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 2013-ல் தென்கொரியாவின் போங் ஜூன்-ஹோ எடுத்த ‘ஸ்னோபியர்சர்’. உலகமே உறைந்துபோக, மிச்சமிருப்போர் நிற்காமல் ஓடும் ரயிலொன்றில். முன் பெட்டியிலே விருந்து. கடைசிப் பெட்டிக்குப் பூச்சியை அரைத்த கட்டி! அங்கும் கிளர்ச்சி, அங்கும், கிளர்ச்சியே ரயில் அதிபதி போட்ட கணக்கு என்பது கடைசியில் வெளியாகிறது. இயந்திரத்திலே ஒரு பாகம் தேய்ந்துவிட்டதாம். அந்த இடுக்கிலே கடைசிப் பெட்டிச் சிறுவன் ஒருவனைத் திணித்து ஓட்டுகிறார்கள்! சுழலும் சக்கரத்துக்குள் தன் கையைக் கொடுத்து அவனை மீட்கிறான் தலைவன். இங்கே கைகுலுக்கல் இல்லை. ரயில் கவிழ்கிறது. அந்தச் சிறுவனும் ஒரு பெண்ணும் மட்டும் பனியிலே காலடி வைக்கிறார்கள். தொலைவிலே ஒரு வெண்கரடி, அவர்களைப் பார்த்தபடி நிற்கிறது.