மழைநீரும் கொல்லும்: நட்சத்திர மீன் சொல்லும் பாடம்

கம்போங் மேடானில் ஒரு மணி நேரம் கனமழை கொட்டினால் கால்வாய் நிரம்புமா, வீட்டுக்குள் தண்ணீர் ஏறுமா என்பதுதான் மக்களின் கவலை. தண்ணீர் வடிந்ததும் அந்தக் கவலையும் வடிந்துவிடுகிறது. வடிந்த நீரோ கிள்ளான் ஆற்றில் கலந்து, போர்ட் கிள்ளான் அருகே மலாக்கா நீரிணையில் போய்ச் சேருகிறது.

குப்பையும் கழிவும் கடலைக் கெடுக்கும் என்பது அனைவரும் அறிந்ததே. ஆனால் சுத்தமான மழைநீரே அளவு மீறிக் கலந்தால் சில உயிர்களுக்கு நஞ்சாகிவிடும் என்பதைப் பலர் அறிவதில்லை. மலாய் மொழியில் 'தாப்பாக் சுலைமான்' என்று அழைக்கப்படும் நட்சத்திர மீன் அத்தகைய உயிர்களில் ஒன்றாகும்.

சிறுநீரகம் இல்லாத உயிர்

பெயரில் மீன் இருந்தாலும் இது மீன் இனம் அல்ல. கடல் அட்டையைப் போல் முள்தோலி வகையைச் சேர்ந்தது. சியாக்காப் எனப்படும் கொடுவா மீன் ஆற்றுநீரிலும் வாழும், கடல்நீரிலும் வாழும். அதன் செவுள்களும் சிறுநீரகமும் உடலின் உப்பைச் சரிசெய்துகொள்கின்றன. நட்சத்திர மீனுக்குச் சிறுநீரகமே கிடையாது. அதன் உடலுக்குள் நிரம்பியிருப்பது ஏறக்குறைய கடல்நீரேதான். வெளியே உப்பு மாறினால் உள்ளேயும் மாறிவிடும். ஆறு, குளங்களில் நட்சத்திர மீன் ஒன்றுகூட இல்லாததற்கு இதுவே முக்கியக் காரணம்.

உப்பு குறைந்தால் என்ன ஆகும்?

பொதுவாகக் கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கும். அது திடீரென்று குறைந்தால், தண்ணீரில் போட்ட உலர்ந்த திராட்சையைப் போல உயிரணுக்கள் நீரை உறிஞ்சிப் பெருக்கின்றன. அதைத் தடுக்க, அவை தம்மிடமுள்ள அமினோ அமிலங்களை வெளியேற்றுகின்றன. இதற்கு நேரமும் சக்தியும் தேவை.

நட்சத்திர மீன் நடப்பதும் பாறையைப் பற்றுவதும் நீரின் அழுத்தத்தால் இயங்கும் நூற்றுக்கணக்கான குழாய்க் கால்களால்தான். உப்பு குறைந்தால் அவற்றின் பிடி தளர்கிறது. இரை உண்பது குறைகிறது, வளர்ச்சி தடைபடுகிறது. கவிழ்த்துப் போட்டால் நிமிர்வதற்கு அதிக நேரம் எடுத்துக்கொள்கிறது. அதன் உடல்நிலையை அறிய ஆய்வாளர்கள் இந்த நேரத்தையே கணக்கிடுகின்றனர். உப்பு மிகுந்தாலும் ஆபத்துதான். உப்பிட்ட மாங்காயைப் போல உடல் நீரை இழக்கிறது.

வேகம்தான் எமன்

ஐரோப்பாவின் பால்டிக் கடலில் உப்பு மிகக் குறைவு. அங்கும் ஒரு வகை நட்சத்திர மீன் லிட்டருக்குச் சுமார் 8 கிராம் உப்புள்ள நீர்வரை வாழ்கிறது. வட கடலில் உள்ள தன் இனத்தைவிட உருவத்தில் சிறுத்திருந்தாலும் பிழைத்துக்கொள்கிறது. மெல்ல வரும் மாற்றத்தைச் சில இனங்கள் தாங்கும் என்பதற்கு இது சான்று. திடீர் மாற்றத்தைத் தாங்குவதுதான் கடினம்.

2006 இறுதியிலும் 2007 தொடக்கத்திலும் ஜொகூர் பெருவெள்ளத்தில் தத்தளித்தது. அச்சமயம் சிங்கப்பூரின் உபின் தீவிலுள்ள செக் ஜாவா கடற்கரையில் கடலடி உயிர்கள் பெருமளவில் மடிந்தன. வெள்ளநீரால் கடலின் உப்பு குறைந்ததே காரணம் எனக் கூறப்பட்டது. உயிர்கள் இடம்பெயர்வதற்குள் வெள்ளம் முந்திக்கொண்டது.

காடும் திடலும் மழைநீரை உறிஞ்சி, மெல்ல மெல்ல ஆற்றுக்கு விடுகின்றன. சிமெண்டுத் தரையும் கால்வாயும் அதே நீரை விரைவாகக் கொண்டுபோய்க் கொட்டுகின்றன. கிள்ளான் பள்ளத்தாக்கில் வெள்ளத்தடுப்புக் குளங்களையும் பசுமைத் திடல்களையும் காப்பது 2021 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட குடும்பங்களுக்கு மட்டும் பாதுகாப்பு அன்று. ஆறு முடியும் இடத்தில் வாழும் உயிர்களுக்கும் அதுவே பாதுகாப்பு.

பெற்றோர்கள் செய்யக்கூடிய எளிய காரியம் ஒன்றும் உண்டு. கடற்கரையில் கண்ட நட்சத்திர மீனைப் பிள்ளைகள் குழாய்த் தண்ணீர் வாளியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவர விடக்கூடாது. அவர்களுக்கு அது விளையாட்டு. நட்சத்திர மீனுக்கோ அதுவே பெருவெள்ளம்.