பிள்ளை எழுந்து ஓட என்ன வேண்டும்?

பெற்றோரின் திரைப் பழக்கமும் உடல் அசைவும் பிள்ளைகளிடம் படிகின்றன. ஆனால் இரண்டும் ஒரே வேகத்தில் படிவதில்லை. போன் பார்ப்பது கண்ணால் பார்த்தாலே தொற்றிக்கொள்கிறது. ஓட்டமும் ஆட்டமும் அப்படித் தொற்றுவதில்லை.

அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாமில் 4 முதல் 7 வயதுப் பிள்ளைகளுக்கு அசைவை அளக்கும் கருவியைப் பொருத்திச் செய்த ஆய்வு 1991-ல் வெளியானது. தாய் சுறுசுறுப்பானவர் என்றால் பிள்ளையும் அப்படி இருக்கும் வாய்ப்பு 2 மடங்கு; தந்தை என்றால் 3.5; இருவருமே என்றால் 5.8. இதற்கு நேர்மாறாக, பிரிட்டனின் பிரிஸ்டலில் 10, 11 வயதினரிடம் நடந்த 2010 ஆய்வில் பெற்றோரின் அசைவுக்கும் பிள்ளையின் அசைவுக்கும் தொடர்பே தெரியவில்லை. டிவி பார்க்கும் நேரத்திலோ தொடர்பு தெரிந்தது. சின்னப் பிள்ளை பெற்றோர் கூட்டிப்போகும் இடத்துக்குப் போகும். பத்து வயதுப் பிள்ளை கூட்டாளிகளோடு போய்விடும். இரண்டு முடிவுகளும் வேறுபடுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இங்கே செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர்களின் நிலைமை இன்னும் சிக்கலானது. தாம்பரம் மின்சார ரயிலைப் பிடிக்க ஓடுவதும், நெரிசலில் நின்றே போவதும், மறைமலைநகர் ஆலைகளில் ஷிப்ட் முழுக்க நிற்பதும் உடலுழைப்புதான். ஆனால் பிள்ளை அதைப் பார்ப்பதே இல்லை. அது பார்ப்பது இரவு ஒன்பது மணிக்குச் சோபாவில் சாய்ந்து ரீல்ஸ் தள்ளும் அப்பாவை. மாமல்லபுரம் கடலோரத்தில் அப்பா வலை இழுப்பதைப் பிள்ளை பார்க்கிறது. ஆனால், “நீயாவது படிச்சு வேலைக்குப் போ” என்று வீட்டிலேயே உட்கார வைக்கிறார்கள். பெற்றவர் பாடுபட்டால் பிள்ளையும் பாடுபடும் என்ற கணக்கு இரண்டு இடத்திலும் பொய்க்கிறது.

சாப்பாட்டு நேரம் தனிக் கதை. போனில் பாட்டு ஓடும். பிள்ளை திரையிலிருந்து கண்ணெடுக்காமல் வாயைத் திறக்கும். வயிறு நிறைந்ததுகூடத் தெரியாது. ஒரு கையில் போனைப் பிடித்து மறுகையால் ஊட்டுபவரும் எட்டிப் பார்த்துக்கொள்வார். பாஸ்டன் உணவகங்களில் பிள்ளைகளோடு வந்த 55 பெரியவர்களைக் கவனித்து 2014-ல் வெளியிட்ட ஆய்வில், 40 பேர் சாப்பாட்டின்போது போனோ வேறு கருவியோ பயன்படுத்தினார்கள். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2021-ல் வகுத்த வரம்பு: 2 வயதுக்குள் திரையே கூடாது, 5 வரை நாளுக்கு ஒரு மணி நேரம், 10 வரை இரண்டு மணி நேரத்துக்குள். 5 முதல் 17 வயதினர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமாவது நன்றாக ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரியவர் கையில் போன் இருக்கும்வரை பிள்ளைக்கு மட்டும் போடும் தடை நிற்காது.

ஓடியாட வைப்பதற்கு, பெற்றோர் தாமே விளையாட்டு வீரராக இருக்க வேண்டியதில்லை. மாமல்லபுரத்து கமலி சிறுமியாக இருந்தபோதே ஸ்கேட்போர்டில் பெயரெடுத்தார். அவரைப் பற்றிய ‘கமலி’ குறும்படம் பிரிட்டனின் 2020 பாஃப்டா திரைப்பட விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. தாய் சுகந்தி மகளைத் தனியாக வளர்த்தவர். பெண்பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்ற பேச்சுக்கு மசியாமல் விளையாட விட்டதுதான் அவர் செய்த பெரிய காரியம். கற்றுக்கொடுக்க ஆளும் ஊரிலேயே இருந்தார். பக்கத்துக் கோவளத்தில் மீனவரான மூர்த்தி மேகவன் நடத்தும் அலைச்சறுக்குப் பள்ளியிலும் மீனவப் பிள்ளைகள் பலர் பலகை ஏறினார்கள். இடம், கற்றுத்தர ஒருவர், வீட்டின் சம்மதம் என்ற மூன்றில் பெற்றோர் கையில் முழுதாக இருப்பது கடைசி ஒன்றுதான். பெண்பிள்ளை வயதுக்கு வந்ததும் பல வீடுகளில் முதலில் நிற்பதும் அதுவே.